வேலூரில் குறைந்த வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜூன், ஜூலை வந்தால் காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் ‘டூ லெட்’ பலகை தேடித் தெருத்தெருவாக அலைகிறவர்களைப் பார்க்கலாம். மருத்துவமனையில் வேலை கிடைத்து வந்தவர்கள், கல்லூரியில் பிள்ளையைச் சேர்த்தவர்கள், ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டைக்குப் போய்வருகிறவர்கள் எனப் பலர். பத்து வருடம் முன்பு வந்தவர்கள் எந்தக் குழியில் விழுந்தார்களோ அதே குழியில்தான் இவர்களும் விழுகிறார்கள். குழாயைத் திறந்து பார், கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார் என்பதை யாரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுவோம்.

போகியத்தில் கைக்காசை முடக்குவது

“வாடகையே வேண்டாம். 5 லட்சம் கொடுங்க, 3 வருஷம் இருங்க, காலி பண்ணும்போது முழுசா வாங்கிக்கங்க.” இதுதான் போகியம். குறைந்த செலவில் வீடு தேடுகிறவர் காதில் இதைவிட இனிப்பான பேச்சு விழாது. வட ஆற்காட்டில் எத்தனையோ குடும்பங்கள் நகையை விற்று, சீட்டை எடுத்து, சேமிப்பு முழுவதையும் இதில் போட்டுவிட்டு, திரும்ப வாங்க முடியாமல் நிற்கின்றன. தடுத்திருக்கக் கூடிய நஷ்டம் என்பதால்தான் ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கிறது.

முதலில் கணக்கு. சொந்தப் பணம் 5 லட்சம் 7 சதவீத வட்டியில் வங்கியில் இருந்தால் வருடத்துக்கு 35,000, மாதத்துக்குச் சுமார் 2,900 ரூபாய். அதே வீட்டின் வாடகை 7,000 என்றால் போகியம் லாபம்தான். ஆனால் அந்த 5 லட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 10,000 ரூபாய் வட்டி. வாடகையை மிச்சம் பிடிக்கப் போய் வாடகையைவிட 3,000 அதிகம் கட்டுகிறார்கள்.

அடுத்தது, பணம் திரும்புமா என்பது. வீட்டுக்காரர் போகியப் பணத்தைப் பெட்டியில் வைத்திருப்பதில்லை. மகள் கல்யாணத்துக்கோ மேல்மாடி கட்டவோ வாங்கியிருப்பார். காலி செய்யும் நாளில், “அடுத்த பார்ட்டி வரட்டும், வாங்கித் தர்றேன்” என்பார். அடுத்த பார்ட்டி வரும்வரை சாவியைக் கொடுக்கவும் முடியாது, வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டவும் முடியாது. இதைவிட மோசம், வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருப்பது. தவணை கட்டாமல் போனால் வங்கி நோட்டீஸ் ஒட்டும். அங்கே வங்கிக் கடன் முன்னால் நிற்கும், பின்னால் எழுதிய போகியத் தாள் கையில் இருந்தாலும் வீட்டைவிட்டு இறங்க வேண்டியதுதான். நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் வீடு கடனில் இருப்பதே குடியிருப்பவருக்குத் தெரியவருகிறது.

இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரை வைத்தால் போதும் என்று நம்பவைப்பார்கள். நோட்டரி கையெழுத்து வேறு, பதிவு வேறு. பத்திர எழுத்தர்கள் போகியத்தைச் சுவாதீன அடமானம் என்பார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால்தான் வில்லங்கச் சான்றில் ஏறும், வீட்டை வாங்க வருகிறவருக்கும் தெரியும். முத்திரைத் தீர்வைக்குப் பயந்து பதியாமல் விடுகிறார்கள். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, கட்டுப்படியானால் மட்டும் இறங்க வேண்டும்.

கட்டாயம் போகியம்தான் என்றால் வரிசை இதுதான். வீட்டுக்காரரிடம் சர்வே எண்ணைக் கேளுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். இன்றைய தேதிவரை பார்த்து, பணம் கொடுக்கும் நாள் காலையில் இன்னொரு முறை பாருங்கள். அதோடு நிறுத்தாமல் மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். தனியாரிடம் பத்திரத்தைக் கொடுத்துக் கைமாற்று வாங்கியிருந்தால் வில்லங்கத்தில் வராது. ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்குக்கே வங்கி வழியாகப் பணம் போக வேண்டும், மகன் கையில் ரொக்கமாக அல்ல. கூட்டுப்பெயர் என்றால் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரே மீட்டரில் இரண்டு குடித்தனம்

வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். அது ஒரு சர்வீஸுக்கு, அதாவது ஒரு மின் இணைப்புக்கு, ஒரு குடும்பத்துக்கு அல்ல. சப்-மீட்டர் வைத்த வீட்டில் அந்தச் சலுகை பெரும்பாலும் வீட்டுக்காரரோடு நின்றுவிடும். தவிர, 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறும். தனித்தனி சர்வீஸில் ஆளுக்கு 280 யூனிட் என்றால் இருவருமே கீழ் அட்டவணையில் இருப்பார்கள், ஒரே சர்வீஸில் 560 ஆகி மேலே ஏறிவிடுவார்கள். உங்கள் போர்ஷனுக்குத் தனி சர்வீஸ் எண் உண்டா என்று கேட்டு, கடைசி இரண்டு பில்லையும் வாங்கிப் பாருங்கள். மோட்டார் எந்த மீட்டரில் ஓடுகிறது என்பதையும் கேளுங்கள். நாலு குடித்தனத்தின் தொட்டியும் உங்கள் பில்லில் நிரம்பக் கூடாது.

மொட்டைமாடிக்கு நேர் கீழே

மே மாதம் மாலை 4 மணிக்குப் போய்ப் பாருங்கள், மாடித் தரையில் கைவைத்தால் எவ்வளவு சூடு வீட்டுக்குள் இறங்கும் என்று தெரியும்.

தண்ணீரைக் கேட்காமல் விடுவது

“தண்ணிப் பிரச்சினையே இல்லை” என்ற பதிலை ஏற்காதீர்கள். மாநகராட்சிக் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, சம்ப் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். போர் தண்ணீர் மட்டும் என்றால் குழாய் முனையில் வெள்ளைப் படிவு இருக்கிறதா பாருங்கள், சோப்பு நுரைக்கிறதா பாருங்கள். உப்புத் தண்ணீர் என்றால் குடிக்கவும் சமைக்கவும் நாலு பேர் குடும்பத்துக்கு இரண்டு நாளுக்கு ஒரு கேன் ஆகும். கேன் 35 ரூபாய் என்றால் மாதம் 525. அதையும் வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

கன்சால்பேட்டை போன்ற தாழ்வான இடங்களில் தரைத்தளம் மலிவாகக் கிடைக்கும். நிக்கல்சன் கால்வாய் நிரம்பினால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். 2021 நவம்பர் மழையில் எதுவரை ஏறியது என்று பக்கத்து வீட்டு அம்மாவைக் கேளுங்கள். வீட்டுக்காரரைக் கேட்க வேண்டாம்.

வாசல் தூரத்துக்கு வாடகை கொடுப்பது

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி வெளியூர் நோயாளிகளுக்கு நாள் வாடகை ஓடுவதால் மாத வாடகையும் ஏறியே இருக்கும். 1, 2 எண் டவுன் பஸ்கள் காட்பாடியிலிருந்து பாகாயம்வரை ஓடுகின்றன. அந்த வழியில் ஏதாவது ஒரு நிறுத்தத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் தேடுங்கள்.

அட்வான்ஸும் வெள்ளையடிப்பும்

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் முன்பணத்தை 3 மாத வாடகைக்குள் நிறுத்துகிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறாக எழுதாதவரைதான். பத்து மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதி 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் இணையவழியில் பதிந்து எண் வாங்க வேண்டும். 11 மாத ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும்.

காலி செய்யும்போது “பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை” என்று பிடிப்பது ஊர் வழக்கமாகிவிட்டது. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. பெயிண்ட் பிடித்தம் என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்துக்கு முன்பே அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். சாமான் இறக்குவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும், மீட்டர் ரீடிங்கையும் போட்டோ எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.