ஷட்டில் பேட்டுக்கு வீட்டிலேயே கட்டிங்: எந்த மெஷின் வாங்கலாம்?

"இன்றைக்குக் கட்டிங் போடணும்" என்றால் எங்கள் வீட்டில் இப்போது யாரும் முறைப்பதில்லை. பேட்டுக்குப் புது ஸ்ட்ரிங் மாட்டுவதற்கு எங்கள் கோர்ட்டில் அதுதான் பேர். மெஷின் வாங்கியதில் நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் கணக்கு. ஒரு பேட்டுக்கு 10 மீட்டர் வீதம் 200 மீட்டர் ரீலில் 20 பேட் கட்டலாம். நானும் பிள்ளைகளும் மாதம் மூன்று நான்கு அறுத்துவிடுகிறோம், அதனால் எனக்குக் கட்டுப்படியாகிறது. எப்போதாவது ஒன்று அறுகிறது என்றால் கடையிலேயே கொடுங்கள்.

2. இழுக்கும் முறை. கைப்பிடியைச் சுற்றி இழுக்கும் கிராங்க் மெஷின், குறித்த பவுண்டு (இழுவையின் அளவு) வந்ததும் பூட்டிக்கொள்ளும். அதன்பின் ஸ்ட்ரிங் தளர்ந்தாலும் மறுபடி இழுக்காது. எலக்ட்ரானிக் விடாமல் இழுக்கும், விலையும் அதிகம், கரண்ட் போனால் உட்கார்ந்திருக்க வேண்டும். டிராப் வெயிட்டில் எடைக்கல்தான் இழுக்கிறது, எனவே அதுவும் விடாது. வேகம் குறைவு, ஆனால் வீட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான். எடைக்கல் மாட்டிய தண்டு படுக்கைவாட்டில் துல்லியமாக நிற்கவில்லையே என்று ஆரம்பத்தில் தவித்தேன். 10 டிகிரி சாய்ந்தாலும் 24 பவுண்டு ஏறக்குறைய 23.6 ஆகும், அவ்வளவுதான்.

3. பேட்டைப் பிடிக்கும் இடம். 22 மெயின் (நீளவாக்கு ஸ்ட்ரிங்), ஒவ்வொன்றும் 24 பவுண்டு என்றால் கிராஸ் (குறுக்கு ஸ்ட்ரிங்) போடும் முன்பே ஃபிரேமின் மேல் மொத்தம் 528 பவுண்டு, கிட்டத்தட்ட 240 கிலோ! ஃபிரேம் நீளத்தில் அமுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும். பக்கங்களையும் தாங்கும் ஆறு முனை மெஷினாகவே வாங்குங்கள். இதில் மிச்சம் பிடித்தால் பேட் போய்விடும்.

4. கிளாம்ப். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். இழுத்த ஸ்ட்ரிங்கை அடுத்ததை இழுக்கும்வரை பிடித்துவைப்பது இதுதான். நான் வாங்கிய பழைய மெஷினில் இருந்தது டென்னிஸ் கிளாம்ப். டென்னிஸ் ஸ்ட்ரிங் 1.25, 1.30 மில்லிமீட்டர் தடிமன். நாம் போடும் யோனெக்ஸ் பிஜி 65 வெறும் 0.70. ஸ்ட்ரிங் வழுக்கியது. இறுக்கினேன், நசுங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போராடிக் கட்டிய பேட், மூன்றாவது ஸ்மாஷில் நசுங்கிய இடத்திலேயே அறுந்தது.

அதனால் பாட்மிண்டனுக்கென்றே வரும் மெல்லிய பல் கிளாம்ப் இருக்கிறதா என்று கேளுங்கள். பேட்டைத் தாங்கும் தட்டோடு பொருந்திய நிலையான கிளாம்ப் நல்லது. பக்கத்து ஸ்ட்ரிங்கைப் பிடித்துத் தொங்கும் வகை, இழுவையை விட்டதும் சாய்ந்து டென்ஷனைக் கொஞ்சம் தின்னும். நேரில் வாங்கினால் ஒரு சோதனை: இழுத்து, கிளாம்ப் போட்டு, அதன் ஓரத்தில் ஸ்ட்ரிங்கின் மேல் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். இழுவையை விட்டதும் புள்ளி நகர்ந்தால் வழுக்குகிறது. நகராமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் இறுக்குங்கள்.

5. வந்ததும் லக்கேஜ் தராசால் சரிபாருங்கள். தராசை நிலையாகக் கட்டி, கொக்கியில் ஸ்ட்ரிங்கை முடிந்து மெஷினால் இழுக்க வேண்டும். 24 பவுண்டுக்கு 10.9 கிலோ காட்டணும். மெஷினில் போட்டிருக்கும் கோடுகளை நான் நம்புவதில்லை.

கட்டர், ஊசிமுனை பிளையர், குத்தூசி தவிர வேறெதுவும் உடனே வேண்டாம். முதல் பேட் பழையதாக இருக்கட்டும்.

பின்சேர்க்கை: பாட்மிண்டன் கிளாம்ப் போட்டும் வழுக்குகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஸ்ட்ரிங்கின் மேல்பூச்சு பல்லில் படிந்திருக்கும். பழைய டூத் பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்க்கச் சொன்னேன், சரியாகிவிட்டதாம். இன்னொருவர் இதிலேயே டென்னிஸ் ராக்கெட்டும் கட்டலாமா என்று கேட்டார். அதற்கு 50, 60 பவுண்டு வேண்டும். மெஷினின் உச்ச அளவைப் பாருங்கள், கிளாம்பும் தனியாக வாங்க வேண்டிவரும்.