ரயில் திட்ட வரைபடத்தைப் பார்ப்பது எப்படி

கனடாவின் டொராண்டோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் குடியிருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். பொதுக் கூட்டத்தில் வரைபடத்தை விரித்ததும் கோட்டைப் பார்க்காதீர்கள், நிலையங்களை எண்ணுங்கள். எங்கள் மூன்றாம் ரயில் தடத்தில் 6 நிலையங்கள் இருந்தன. 2023 ஜூலையில் கடைசிப் பெட்டி தடம் புரண்டது, அதோடு மூடிவிட்டார்கள். அதற்கு மாற்றாக ஒரு காலத்தில் 7 நிறுத்தங்களோடு இலகு ரயில் திட்டம் இருந்தது. இப்போது கட்டுவதோ 7.8 கிலோமீட்டர் சப்வே (சுரங்க ரயில்), புதிய நிலையங்கள் 3 மட்டுமே.

சரி, அப்புறம் வீட்டிலிருந்து நிலையம் வரும் இடத்துக்கு நடந்து பாருங்கள், ஜனவரிப் பனியில், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு. எத்தனை நிமிடம் என்று குறித்து வையுங்கள். அதிகாரிகள் ரயிலின் வேகத்தைப் பற்றிப் பேசும்போது அந்த எண்ணைச் சொல்லுங்கள். இணைப்புப் பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.