டீசல் மருந்து ஊத்துறதுக்கு முன்னாடி: மலைநாட்டு வாகனக்காரங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

டீசல் எடிட்டிவ், அதான் டேங்க்ல டீசலோட ஊத்துற போத்தல் மருந்து, எல்லாமே ஏமாத்து வேலைன்னு சொல்ற ஆள் நான் இல்ல, வேலை செய்ற சாமானும் இருக்கு. ஆனா நம்ம பக்கம் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடைன்னு ஓடுற வேன்காரங்களும் லொறிக்காரங்களும் என்ன வருத்தத்துக்கு இத வாங்கி ஊத்துறாங்கன்னு பாத்தா முக்கால்வாசி நேரம் வருத்தம் ஒரு இடத்துல, மருந்து இன்னொரு இடத்துல. ஏத்தத்துல இழுக்கல, கரும்புகை கக்குது, காலையில ஸ்டார்ட் ஆகல, டீசல் கூட குடிக்குது, இந்த நாலுக்கும் ஒரே போத்தல். ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில நீட்டுறாங்க, நாமளும் வாங்கி டேங்க்ல கவுத்துட்டு ரம்பொடை ஏத்தத்துல "இப்ப கொஞ்சம் லேசா போகுதுடா"ன்னு சொல்லிக்கிறோம். காசு குடுத்துட்டோம்ல, லேசாத்தான் போகும்.

கரும்புகைய எடுத்துக்கங்க. டீசலுக்குத் தக்க காத்து இல்லன்னாத்தான் கரும்புகை. நுவரெலியா டவுண் 1868 மீட்டர் உயரத்துல இருக்கு, அங்க காத்தழுத்தம் கொழும்புல இருக்கிறதுல கிட்டத்தட்ட 80 வீதம்தான். டர்போ (காத்த அழுத்தி உள்ள தள்ளுற சாமான்) இல்லாத பழைய இஞ்சின், டொல்பின் வேன்ல வர்ற த்ரீ எல் மாதிரி, கீழ இழுத்த அளவு காத்த இங்க இழுக்க முடியாது, ஆனா பம்ப் பழைய கணக்குலயே டீசல அடிச்சுக்கிட்டு இருக்கும், மிச்சம் புகையா வெளிய வருது. இதுல "பிக்கப் வேணும் பாஸ்"னு சொல்லி பம்ப் ஸ்குருவ வேற ரெண்டு சுத்து கூட்டி வச்சிருப்பாங்க, அப்புறம் புகைக்கு மருந்து தேடுவாங்க. எந்த போத்தல்லயும் காத்து அடைச்சு விக்கிறதில்ல. எயார் ஃபில்டர கழட்டி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, தோட்டத்து ரோட்டுல ஓடுற வாகனம்னா அந்தத் தூசிக்கு ஃபில்டர் சீக்கிரமே அடைச்சுடும். டர்போ உள்ள வாகனம்னா இன்டர்கூலர் ஹோஸ் கிளிப் பக்கத்துல ஒரு வெள்ளத் துணியால தொடச்சுப் பாருங்க, எண்ணெய் ஈரத்தோட கறுப்பா ஒட்டிக்கிட்டு வந்தா அந்த இடத்துல காத்து ஒழுகுதோன்னு சந்தேகப்படணும். ஹோஸ் மாத்துற காசுக்கு எத்தனை போத்தல் வாங்கி ஊத்துனாலும் அந்தப் புகை நிக்காது. நீலப்புகைன்னா இஞ்சின் ஒயில் எரியுது, அது டீசல் மருந்துக்கு சம்பந்தமே இல்லாத விஷயம்.

மைலேஜ் கூடிருச்சுன்னு சொல்றவங்கள நான் உடனே கேக்குறது, எங்க இருந்து எங்க ஓட்டி அளந்தீங்கன்னு. ஹட்டன்ல டேங்க் நிரப்பி மருந்தையும் ஊத்திக்கிட்டு கினிகத்தேனை வழியா கொழும்புக்கு இறங்கி அங்க மறுபடி நிரப்பினா எந்த வாகனமும் நல்ல கணக்குத்தான் காட்டும், பாதித் தூரம் இறக்கம், நிறைய இடத்துல எக்ஸலேட்டர தொடவே வேணாம். அதே வாகனம் திரும்பி ஏறி வர்றப்ப குடிக்கிறத யாரும் எழுதி வைக்கிறதில்ல. உண்மையா பாக்கணும்னா ஏத்தமும் இறக்கமும் சேர்த்து ஒரே ரவுண்டு, ஒரே பெட்ரோல் செட், அங்க ஒரே பம்ப், நொசில் தானா நிக்கிற வரைக்கும் அடிச்சு, ஏறக்குறைய அதே சுமை, டயர்ல அதே காத்து, மருந்தோட சில தடவ மருந்து இல்லாம சில தடவ. மாறி மாறி அளந்தாத்தான் வித்தியாசம் இருக்கா இல்லையான்னு தெரியும். எத்தன பேர் செய்றாங்க சொல்லுங்க. அமெரிக்காவுல எரிபொருள் மிச்சம் பண்ணும்னு வித்த சாமான் 100க்கு மேல அந்த நாட்டு சுற்றாடல் பாதுகாப்பு முகவர் நிலையம் பரிசோதிச்சுப் பாத்திருக்கு, மைலேஜ குறிப்பிடத்தக்க அளவுக்குக் கூட்டுற ஒன்னும் அகப்படல, அதுல பெரும்பாலும் பெட்ரோல் வாகனத்துக்கானது, இருந்தாலும் போத்தல்ல எழுதியிருக்கிற வீதத்த எவ்வளவு நம்பலாம்னு அதுலயே விளங்கும்.

கணக்கும் போட்டுப் பாக்கணும். ஒரு போத்தல் 2000 ரூவா, 50 லீட்டருக்குப் போடணும்னு வைங்க, லீட்டருக்கு 40 ரூவா விழுது. டீசல் லீட்டர் 300 ரூவான்னு வச்சா போட்ட காசு திரும்ப வர்றதுக்கே மைலேஜ் 13 வீதத்துக்கு மேல கூடணும். அவ்வளவு கூடப் போறதே இல்ல. டயர் காத்த சரியா வச்சாலே அதவிட லாபம்.

அடுத்தது தண்ணி, இதுதான் நம்ம பக்கத்துக்கு பெரிய விஷயம். ராத்திரி முழுக்க மூடுபனி, பகல்ல வெயில், டேங்க் பாதி காலியா நின்னா உள்ள இருக்கிற காத்துல உள்ள ஈரம் குளிர்ந்து டேங்க் சுவர்ல வேர்த்து கீழ இறங்கும். தண்ணி டீசல விட கனம், அடியிலயே தேங்கும், டீசல் உறிஞ்சுற குழாயும் அடியிலதான் இருக்கு. இதுக்கு "வோட்டர் ரிமூவர்"னு ஒரு சாமான் வாங்கி ஊத்துறாங்க. அதுல சிலது அல்கஹோல் வச்சு செஞ்சது, அது தண்ணிய டீசலோட கலக்க வச்சு ஃபில்டர தாண்டி, இஞ்சினுக்குள்ள டீசல பீச்சுற இன்ஜெக்டர் வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போயிடும். பழைய ரோட்டரி பம்ப் கொஞ்சம் தாங்கும். கொமன் ரெயில் இஞ்சின்ல (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில இருந்து டீசல் போற புது வகை) 1600 பாருக்கு மேல அழுத்தத்துல மயிரிழை இடைவெளியில ஓடுற பாகங்கள், அங்க தண்ணி போனா துருவும் தேய்மானமும்தான். தண்ணி வெளிய போகணும், உள்ள கலக்கக் கூடாது. ஃபில்டருக்கு அடியில இருக்கிற ட்ரெய்ன் ஸ்குருவ லூஸ் பண்ணி ஒரு வெள்ளக் கண்ணாடிப் போத்தல்ல கொஞ்சம் பிடிங்க, ராத்திரி அப்படியே ஆடாம வைங்க. காலையில பாத்தா அடியில தண்ணி தனியா பிரிஞ்சு நிக்கும், மேல டீசல் தெளிவா இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல கபம் மாதிரி ஒரு பழுப்புப் படலம் மிதந்தா அது பூஞ்சையும் பக்டீரியாவும், அதப்பத்தி கீழ சொல்றேன். வண்டிய நிப்பாட்டுறதுக்கு முன்ன பின்னேரமே டேங்க நிரப்பி வச்சிருங்க, அது சும்மா கிடைக்கிற மருந்து.

மண்ணெண்ண கலக்குறது, பெட்ரோல் கலக்குறது, டூ ஸ்ட்ரோக் ஒயில் கலக்குறது, இதெல்லாம் தாத்தா காலத்துப் பழக்கம். மண்ணெண்ண மலிவா இருந்தப்ப காசுக்காகக் கலந்தாங்க, 2022 ஆகஸ்ட்ல லீட்டர் 87 ரூவாவில இருந்து ஒரேயடியா 340க்கு ஏத்துனதும் அந்த லாபம் சுருங்கிருச்சு, ஆனா "மண்ணெண்ண ஊத்தினா இன்ஜெக்டர் கழுவும்"ங்கிற நம்பிக்கை மட்டும் போகல. மண்ணெண்ண டீசல விட மெல்லிசு, வழவழப்பு குறைவு. டீசல் பம்புக்கு எண்ணெய் போடுறதே டீசல்தான், அத மெல்லிசாக்கினா பம்ப் தேயும். பெட்ரோல் அதவிட மோசம், டீசல் 50 பாகைக்கு மேல சூடானாத்தான் தீப்பிடிக்கிற ஆவி விடும், கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலே அந்தப் பாதுகாப்பு போயிடும். டூ ஸ்ட்ரோக் ஒயில் வழவழப்ப கொஞ்சம் கூட்டலாம், ஆனா அது வேற இஞ்சினுக்கு செஞ்சது, அதோட சாம்பலும் கூட வரும்.

சூப்பர் டீசல் அடிக்கிறவங்க சில பேர் சல்ஃபர் குறைஞ்சதால பம்ப் காயும்னு பயந்து லூப்ரிசிட்டி மருந்து, அதாவது வழவழப்பு கூட்டுற மருந்து, ஊத்துறாங்க. யூரோ 4 தரத்துல சல்ஃபர் உச்சம் 50 பிபிஎம், சரிதான், ஆனா சல்ஃபர் ஒரு மசகெண்ணெய் இல்ல. அத எடுக்கிற வேலையில டீசலோட இயற்கை வழவழப்பும் சேர்ந்து போயிடுது, அதனாலதான் வழவழப்புக்கான எடிட்டிவ செட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே கலந்துடுவாங்க. ஒழுங்கான செட்ல அடிச்சா நீங்க மேல ஊத்த வேண்டிய தேவை இல்ல. கொமன் ரெயில் வாகனத்துக்கு போத்தல் வாங்குற காசுல சூப்பர் டீசல் அடிங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

குளிர் நாட்டுக்குன்னு செஞ்ச அன்டி ஜெல் போத்தலும் இங்க விக்குது, வாங்காதீங்க. அது டீசல்ல இருக்கிற மெழுகு உறைஞ்சு ஃபில்டர அடைக்கிற நாட்டுக்கு. சனவரி பெப்ரவரியில நுவரெலியாவுல புல்லுல உறைபனி விழுற காலையில ஸ்டார்ட் ஆகலன்னா முதல்ல பட்டரி, அப்புறம் ஹீட்டர் பிளக், அப்புறம் கம்ப்ரஷன். எல்லாம் சரியா இருந்தும் வெள்ளப்புகையோட தட்டிக்கிட்டே ஸ்டார்ட் ஆகுதுன்னா சீட்டேன் இம்ப்ரூவர் உதவும், இத ஒத்துக்கத்தான் வேணும், டீசல் சீக்கிரம் பத்திக்கும், சத்தமும் வெள்ளப்புகையும் குறையும். இஞ்சின் சக்தி அதிகமாகாது. ஐரோப்பிய தரத்துல சீட்டேன் எண் (டீசல் எவ்வளவு சீக்கிரம் பத்தும்ங்கிற அளவு) குறைஞ்சது 51, அமெரிக்காவுல 40, அப்ப ஏற்கனவே நல்ல டீசல்ல இன்னும் ஊத்தி ஒன்னும் ஆகப்போறதில்ல, அளவுக்கு மேல ஊத்த ஊத்த பலனும் குறைஞ்சுக்கிட்டே போகும்.

எமிஷன் டெஸ்டுக்கு முதல் நாள் ஊத்துறது ஒரு சடங்கு மாதிரி ஆகிருச்சு, 2008ல அந்த டெஸ்ட் வந்த நாள்ல இருந்து. இன்ஜெக்டர் கறைய கழுவுற டிடர்ஜன்ட் வகை மருந்து ஒன்னு ரெண்டு டேங்க் ஓடித்தான் வேலை செய்யும், ஒரு ராத்திரியில இல்ல. பாஸ் ஆனவங்க பெரும்பாலும் மருந்தால இல்ல, இஞ்சின நல்லா சூடாக்கி ஒரு ஏத்தம் இழுத்துட்டு வந்ததால, சைலன்சர்ல இருந்த கரி வழியிலயே போயிருக்கும்.

சரி, எதுக்குத்தான் வாங்கலாம்? டிடர்ஜன்ட் கிளீனர், கொமன் ரெயில் வேன், இன்ஜெக்டர்ல கறை படிஞ்சு ஐட்லிங் லேசா ஆடுது, இன்ஜெக்டர் இன்னும் தேயல, அந்த நிலையில வருசத்துக்கு ஒன்னு ரெண்டு தடவ ஊத்தலாம், பெட்ரோலுக்கு செஞ்சத ஊத்தாதீங்க, ரெண்டு கம்பனி சாமான ஒன்னா கலக்காதீங்க. தேஞ்சுபோன இன்ஜெக்டருக்கு அது ஒன்னும் செய்யாது. எப்படித் தெரியும்னா, கராஜ்ல நாலு இன்ஜெக்டரோட ரிட்டர்ன் லைனையும் (மிச்ச டீசல் திரும்பிப் போற குழாய்) கழட்டி நாலு சின்னப் போத்தல்ல விட்டு ஐட்லிங்ல ஓட விடுவாங்க, மூனு போத்தல் விரல் அளவு ஏறுறப்ப நாலாவது கழுத்து வரைக்கும் வந்துடும். அந்த ஒன்ன கழட்டத்தான் வேணும். டிபிஎஃப் (சைலன்சர் பக்கம் புகைக்கரிய பிடிக்கிற ஃபில்டர்) உள்ள புது வாகனம்னா சீரியம், இரும்பு மாதிரி உலோகம் கலந்த மருந்த கம்பனி சொல்லாம தொடாதீங்க, அந்தச் சாம்பல் எரிஞ்சு போகாது, ஃபில்டர்லயே தங்கிடும்.

எடிட்டிவ் உண்மையிலயே காசுக்குப் பெறுமதியா இருக்கிற இடம் ஓடுற வாகனம் இல்ல, நிக்கிற டேங்க். தோட்டத்து ஃபெக்டரி ஜெனரேட்டர், ஹோட்டல் ஜெனரேட்டர், 2022ல டீசல் கிடைக்காம பட்ட பாட்டுல பயந்து பரல்ல சேத்து வச்ச டீசல், இதெல்லாம் மாசக்கணக்கா அசையாம கிடக்கும், கரண்ட் போன அன்னிக்கு ஃபில்டர் அடைச்சு நின்னுடும். அங்க தண்ணிக்கும் டீசலுக்கும் நடுவுல வளர்ற அந்தப் பழுப்புப் படலத்துக்கு பயோசைட் (பூஞ்சை, பக்டீரியாவ கொல்ற மருந்து) ஊத்துறது சரியான வேலை. ஆனா ஊத்துறதுக்கு முன்னாடி அடித்தண்ணிய முழுசா இறக்குங்க, ஊத்தின பிறகு செத்த அழுக்கு எல்லாம் கீழ இறங்கி ஃபில்டர அடைக்கும், ரெண்டு ஃபில்டர் கையில வச்சுக்கிட்டே ஆரம்பிங்க, கையுறை போடுங்க, அது விஷம்.