பாம்பனை ரயிலில் கடக்க: பகல் பாசஞ்சரில் ஏறுங்கள்

பரமக்குடியில் இருப்பதால், ராமேஸ்வரம் போகிற உறவினர்கள் எல்லாரும் எந்த ரயிலில் போகலாம் என்று முதலில் என்னைத்தான் கேட்பார்கள். கோவில் மட்டும் போதும் என்பவர்கள் சென்னையிலிருந்து வரும் சேது எக்ஸ்பிரஸில் போகலாம். ஆனால் அது விடிவதற்கு முன்பே தீவுக்குள் நுழைந்துவிடும். கடல் கண்ணில் படாது. பாதையைப் பார்க்க வேண்டுமென்றால் மதுரையில் காலையில் புறப்படும் பாசஞ்சர்தான் சரி. முன்பதிவு கிடையாது, கவுண்டரில் டிக்கெட் வாங்கினால் போதும். ஆடி அமாவாசை, தை அமாவாசை சமயத்தில் வழியில் ஏறி ஜன்னல் பிடிக்க முடியாது, மதுரையிலேயே ஏறிவிடுங்கள்.

ரயில் போகும் திசையைப் பார்த்து வலப்பக்கம் உட்காருங்கள். அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா. திரும்பும்போதும் வலப்பக்கமே உட்கார்ந்தால் பாக் நீரிணை. இரண்டு கடலையும் பார்த்ததாகிவிடும்.

பாம்பன் பாலத்துக்கு முந்தைய ஸ்டேஷனான மண்டபம் வந்ததும் சாப்பாட்டுப் பொட்டலம், செல்போன் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுங்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்து போனது. ஆற அமரப் பார்க்க முடிந்தது. 2022 டிசம்பரில் அதில் ஓட்டம் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் இரண்டு கிலோமீட்டரைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. வழியில் இரண்டு உயரமான கோபுரங்கள் ஜன்னலை ஒட்டி வரும். அவற்றுக்கு இடையே இருப்பதுதான் 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பாலம். கப்பல் வரும்போது அது அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே எழும்பும். பழைய பாலத்தில் ஆட்கள் கூடி நெம்புகோலைச் சுற்றித்தான் இரண்டு பாதிகளையும் திறந்தார்கள். படிக்கட்டில் மட்டும் நிற்க வேண்டாம். அங்கே அடிக்கும் காற்று விளையாட்டல்ல.

காற்றைப் பற்றி இன்னொன்று. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பாலத்தில் ரயிலை விடமாட்டார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் போகிறவர்கள் கையில் அரை நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ரயில் மண்டபத்தோடு நின்றாலும் கவலையில்லை. 1988-லிருந்து சாலைப்பாலம் இருக்கிறது, பஸ் கிடைக்கும்.

பாம்பனுக்குப் பிறகு தீவுக்குள் பதினோரு கிலோமீட்டர் அளவுதான். வழியில் தங்கச்சிமடம், மல்லிகை நாற்றுக்குப் பேர்போன ஊர்.

ராமேஸ்வரத்தில் இறங்கியதும் பாதை முடிந்ததாக எண்ணிவிடாதீர்கள். ஒரு காலத்தில் முதன்மைப் பாதை பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போனது, ராமேஸ்வரம்தான் கிளை. சென்னையிலிருந்து வந்தவர்கள் தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கொழும்புக்கு ரயில் பிடித்தார்கள். அந்தச் சென்னை ரயிலுக்குப் போட் மெயில் என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பாசஞ்சர் ரயிலைப் புயல் அலை பயணிகளோடு வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அந்தப் பாதை போடப்படவே இல்லை.

அதனால் கோவில் தரிசனம் முடிந்ததும் தனுஷ்கோடிக்கு அரசு பஸ் ஏறுங்கள். சர்ச் இடிபாட்டை எல்லாரும் படம் எடுப்பார்கள். ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர்களை விசாரித்துத் தேடிப் போய்ப் பாருங்கள். குழந்தைகளைக் கூட்டிப் போனால் இங்கே எத்தனை பேர் ரயிலுக்குக் காத்திருந்திருப்பார்கள் என்று சொல்லிக் கொடுங்கள். சுவரின் மேல் ஏற விடாதீர்கள், உதிரும் நிலையில் இருக்கிறது. நிழல் கிடையாது, குடையும் தண்ணீரும் கட்டாயம். இருட்டிய பிறகு அங்கே தங்க அனுமதியில்லை.

மாலை பாசஞ்சரில் திரும்புவதாக இருந்தால் புறப்படும் நேரத்தைக் காலையில் இறங்கும்போதே ஸ்டேஷனில் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்ப தனுஷ்கோடியிலிருந்து பஸ் ஏறுங்கள். ராமேஸ்வரத்தில்தான் ரயில் புறப்படுகிறது. கொஞ்சம் முன்னதாகப் போனால் வலப்பக்க ஜன்னல் கிடைத்துவிடும்.