டைம்அவுட் ஆன ஓட்டத்தில் எந்தச் சோதனை சிக்கி நின்றது என்று கண்டறிவது எப்படி?

தானியங்கிச் சோதனை ஓட்டம் டைம்அவுட் ஆனவுடன் (நேர வரம்பைத் தாண்டி நிறுத்தப்பட்டவுடன்) லாகின் கடைசி வரியில் உள்ள சோதனையைக் குற்றவாளியாகக் கருதுவது வழக்கம். சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியிருந்தால் அந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பல வொர்க்கர்களில் (சோதனைகளைப் பகிர்ந்து ஓட்டும் தனிச் செயல்முறைகளில்) இணையாக ஓடியிருந்தால் அதை நம்ப முடியாது.

பைத்தானின் சோதனைக் கருவியான பைடெஸ்டை எடுத்துக்கொள்வோம். அதன் எக்ஸ்டிஸ்ட் செருகுநிரல் மூலம் இணையாக ஓட்டும்போது விரிவான வெளியீட்டைக் கேட்டிருந்தால், ஒவ்வொரு சோதனைக்கும் தொடங்கும்போது ஒரு வரியும், முடிந்ததும் வொர்க்கரின் எண்ணோடும் முடிவோடும் மற்றொரு வரியும் அச்சாகும். முதல் வரி இருந்து இரண்டாவது வரி இல்லாத பெயர்களைப் பிரித்தெடுத்தால், ஓட்டம் நின்ற நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தவை கிடைத்துவிடும்.

ஆனால் பெயர் மட்டும் போதாது. சோதனை எந்த வரியில் காத்திருந்தது என்பதும் தெரிய வேண்டும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்னும் தானியங்கி ஓட்டச் சேவை ஒரு வேலைக்கு இயல்பாக 360 நிமிட வரம்பு வைக்கிறது; அந்த வரம்பில் ஓட்டத்தை நிறுத்தும் சேவைக்குச் சோதனைகளின் பெயர்கூடத் தெரியாது. ஆகவே சேவையின் வெளி வரம்புக்கு வெகு முன்பே சோதனைக் கருவியின் உள் வரம்பு எட்டப்படும்படி அமைப்பதுதான் இதில் முக்கியமான வேலை. பைடெஸ்ட் 5.0 முதல் உள்ளடங்கியே வரும் ஃபால்ட்ஹேண்ட்லர் என்ற கருவிக்கு டைம்அவுட் நொடிகளைக் கான்ஃபிக் கோப்பில் குறித்தால், ஒரு சோதனை அதைத் தாண்டியதும் எல்லாத் த்ரெட்களின் (செயல்முறைக்குள் இணையாக ஓடும் இழைகளின்) ஸ்டாக்கையும், அதாவது அப்போதைய அழைப்புகளின் அடுக்கையும், அது எழுதிவிடும், சோதனையை நிறுத்தாது. பிழை நேரும்போது பைத்தான் காட்டும் வழக்கமான டிரேஸ்பேக்குக்கு நேர்மாறாக, இதில் கடைசி அழைப்பு மேலே வரும் என்பதால், காத்திருக்கும் இடத்தை உச்சியிலும் சோதனையின் பெயரை அதற்குக் கீழேயும் தேட வேண்டும்.

நிறுத்தவும் வேண்டுமென்றால் பைடெஸ்ட்-டைம்அவுட் செருகுநிரல் உண்டு. அதன் சிக்னல் முறையில் அந்த ஒரு சோதனை மட்டும் தோல்வியடைந்து மற்றவை தொடரும். த்ரெட் முறையோ ஸ்டாக்கை எழுதிவிட்டு மொத்தச் செயல்முறையையும் முடித்துவிடுவதால், இறுதி அறிக்கைக் கோப்பு கிடைக்காமல் போகலாம். லினக்ஸில் சிக்னல் முறையே மேல்.

கோ மொழியில் இத்தனை சிரமம் இல்லை. இயல்பான 10 நிமிட வரம்பு கடந்ததும் அதன் சோதனைக் கருவி பேனிக் ஆகி (பிழையோடு உடைந்து நின்று), ஓடிக்கொண்டிருந்த சோதனைகளை அவை எடுத்த நேரத்தோடு தானே பட்டியலிடும். அதிக நேரம் எடுத்ததிலிருந்து தொடங்கலாம்.

எல்லாச் சோதனைகளுக்கும் முடிவு வந்தபின்னும் ஓட்டம் நிற்கவில்லை என்றால், சோதனைகளை விட்டுவிட்டு, மூடப்படாத த்ரெட்களையும் துணைச் செயல்முறைகளையும் ஆராய வேண்டும். செயல்முறை இன்னும் உயிரோடு இருந்தால், பைத்தான் செயல்முறையை வெளியிலிருந்து பார்க்கும் பை-ஸ்பையின் டம்ப் கட்டளை அது நிற்கும் இடத்தை அப்போதே காட்டும்.