போஸ்ட்கிரெஸ் சர்வரிலிருந்து டேட்டாவை உங்கள் கணினிக்கு இறக்குவது

பலர் இடறுவது ஒரே இடத்தில்தான்: போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் ‘காப்பி’ (COPY) கட்டளை கோப்பைச் சர்வரின் டிஸ்க்கில் எழுதும், உங்கள் கணினியில் அல்ல. சூப்பர்யூசர் (முழு அதிகாரமுள்ள நிர்வாகி) உரிமையோ அதற்கான தனி அனுமதியோ இல்லாவிட்டால் அதுவும் நடக்காது.

உங்களுக்கு வேண்டியது முன்னால் பின்சாய்கோடு போட்ட ‘\காப்பி’ (\copy). இது, போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளைகளைத் தட்டி அனுப்பும் பிஎஸ்க்யூஎல் (psql) கருவியின் சொந்தக் கட்டளை. டேட்டாவை நெட்வொர்க் வழியே வாங்கி உங்கள் பக்கத்திலேயே எழுதும். சர்வர் முகவரி, போர்ட் (வழக்கமாக 5432), யூசர், டேட்டாபேஸ் பெயர் கொடுத்து உள்ளே நுழையுங்கள். பிறகு \காப்பி, அடைப்புக்குறிக்குள் டேட்டாவை எடுக்கும் செலக்ட் (SELECT) வினவல், ‘டு’ (TO), ஒற்றை மேற்கோளில் கோப்பின் பாதை, கடைசியில் ‘வித் சிஎஸ்வி ஹெடர்’ (WITH CSV HEADER), அதாவது காற்புள்ளியால் பிரித்த, தலைப்பு வரியோடு கூடிய கோப்பு. எல்லாம் ஒரே வரியில். நடுவில் என்டர் தட்டினால் பிழைதான். வினவல் நீளமா? தற்காலிக வியூ (பெயரிட்டு வைத்த வினவல்) ஒன்றை உருவாக்கி, அதிலிருந்து செலக்ட் செய்யுங்கள். வியூவின் பெயரை மட்டும் நேரடியாகக் கொடுத்தால் ஏற்காது.

முடிந்ததும் ‘காப்பி 48213’ என்பதுபோல வரும். அது எடுத்த வரிசைகளின் எண்ணிக்கை. கோப்பின் வரிகளை எண்ணி இதோடு ஒப்பிடாதீர்கள்: தலைப்பு வரி ஒன்று கூடுதலாக இருக்கும், முகவரி போன்ற புலத்துக்குள் வரி உடைந்திருந்தால் இன்னும் கூடும்.

எக்செல்லில் இருமுறை கிளிக் செய்து திறந்தால் தமிழ் எழுத்து சிதையலாம். ‘டேட்டா’ மெனு வழியே இறக்கி, எழுத்துக் குறியாக்கமாக 65001 யூடிஎஃப்-8 (UTF-8) என்று தேர்ந்தெடுங்கள்.