தூங்கிக் கிடந்த 1915 கேடிலாக்கை எழுப்புவது எப்படி

பல வருடம் கொட்டகையில் நின்ற கேடிலாக் டைப் 51 டூரிங் கார் கைக்கு வந்தால், பேட்டரியை மாட்டி ஸ்டார்ட்டரை மிதிக்கத்தான் கால் பரபரக்கும். மிதிக்காதீர்கள். இது வி8 இன்ஜின், அதாவது நான்கு நான்காக இரண்டு பிளாக்கில் எட்டு சிலிண்டர். சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட் இதில் தனியாகக் கழலாது, பிளாக்கோடு சேர்த்தே வார்த்திருக்கிறார்கள். கழலும் ஹெட் 1918-இல் டைப் 57 மாடலோடுதான் வந்தது. துருவில் ஒட்டிய பிஸ்டனை ஸ்டார்ட்டர் இழுத்து ரிங் உடைந்தால், நான்கு சிலிண்டர் பிளாக்கை முழுசாகத் தூக்க வேண்டியிருக்கும்.

முதலில் எட்டு பிளக்குகளையும் கழற்றுங்கள். ஏடிஎஃப் எண்ணெயும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) அசிட்டோனும் சரிபாதி கலந்து, சிலிண்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஊற்றி நான்கு நாள் விடுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். பிறகு இக்னிஷனை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, முன்பக்க ஹேண்டிலால் மெல்லச் சுற்றுங்கள். எங்காவது தடுத்தால் அழுத்தம் கொடுக்காமல் பின்னால் திருப்பி, மறுபடி எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். வால்வுகளைப் பார்க்க மேலே மரையிட்ட மூடிகள் உண்டு. அவை இறுகியிருந்தால் லேசாகச் சூடுகாட்டித் திருகுங்கள். சுத்தியலால் தட்டினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும், அதற்கு மாற்று கிடைப்பது அரிது.

இன்ஜின் தாராளமாகச் சுற்றிய பிறகு ஆயில் சேம்பரை இறக்கிக் கழுவுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் பேரிங்கைக் கருக்குகிறார்கள். அடியில் படிந்த பழைய கசடை இன்றைய டிடர்ஜென்ட் எண்ணெய் கரைத்துக் கிளப்பும், அது எண்ணெய்த் துளைகளில் அடைக்கும். இன்றைய கார்போல வழியில் பிடித்துவைக்க ஃபில்டர் இதில் கிடையாது.

மின்சாரம் 6 வோல்ட். கடையில் கிடைக்கும் 12 வோல்ட் கேபிளைப் போட்டால் செல்ஃப் முனகும். பேட்டரி செத்துவிட்டது என்று நினைப்பீர்கள், உண்மையில் கம்பிதான் மெல்லிசு. 00 கேஜ் கேபிளைப் போட்டு, எர்த் பிடிக்கும் இடத்தைப் பளபளவென்று சுரண்டுங்கள்.

பலரை ஏமாற்றுவது பெட்ரோல் வரத்து. டேங்க் பின்னால், தாழ்வாக இருக்கிறது. காற்றழுத்தம்தான் பெட்ரோலைக் கார்புரேட்டருக்குத் தள்ளுகிறது. கிளப்பும் முன் கைப்பம்பால் அழுத்தம் ஏற்ற வேண்டும், ஓடத் தொடங்கியதும் இன்ஜின் பம்ப் பார்த்துக்கொள்ளும். ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ போதும். மேலே போனால் மிதவை ஊசி தூக்கிக்கொண்டு பெட்ரோல் வழியும். டேங்க் மூடியின் வாஷர் கசிந்தால் எவ்வளவு அடித்தாலும் அழுத்தம் நிற்காது, வண்டி பாதி வழியில் நிற்கும். பெட்ரோல் போட மூடியைத் திறந்தாலே காற்று போய்விடும், மூடியதும் மறுபடி பம்ப் அடியுங்கள்.

கிளப்பும்போது, பிளக்கில் பொறி விழும் நேரத்தை மாற்றும் ஸ்பார்க் லீவர் பின்னால் இருக்கட்டும். முன்னால் இருக்கும்போது ஹேண்டில் போட்டால் எதிர்த்து உதைத்து மணிக்கட்டை முறிக்கும்.

ஓடத் தொடங்கினால், ஹென்றி லேலண்ட் நடத்திய கேடிலாக் கம்பெனி ஏன் நான்கு சிலிண்டரை விட்டு வி8-க்கு மாறியது என்பது காதுக்கே தெரியும். 5.1 லிட்டர், 70 குதிரைத்திறன், முதல் வருடமே சுமார் 13,000 வண்டிகள். உலகின் முதல் வி8 இது என்று சிலர் எழுதுவது தவறு. பிரான்சின் டி டியோன்-பூட்டோன் 1910-லேயே விற்றது. ஆனால் பெரிய எண்ணிக்கையில் விற்றுக்காட்டியது இதுதான். பேக்கார்ட் என்ற இன்னொரு அமெரிக்கக் கார் கம்பெனி கொஞ்ச மாதத்தில் பன்னிரண்டு சிலிண்டர் ட்வின் சிக்ஸைக் கொண்டுவந்து போட்டிக்கு நின்றது.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உடம்பு முழுக்க அதிர்வு வரும். மவுன்டிங்கை மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள். கிராங்க் ஷாஃப்ட்டின் முழங்கைகள் எல்லாம் ஒரே தளத்தில் இருப்பதால் வருகிற பிறவிக் குணம் அது. கேடிலாக் அதைத் தீர்த்தது 1924 மாடலான வி-63-இல்தான்.

சாலைக்கு எடுக்குமுன் மரச் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு ஆரக்காலையும் கையால் அசைத்துப் பாருங்கள். 'கிடுக்' சத்தம் வந்தால் மரம் சுருங்கியிருக்கிறது. தண்ணீரில் ஊறவைத்தால் இறுகியதுபோலத் தோன்றும், காய்ந்ததும் முன்னைவிடத் தளர்ந்துபோகும். ஆரக்காலை மாற்றியே ஆக வேண்டும். பிரேக் பின்சக்கரங்களில் மட்டும். முதல் சில ஓட்டங்களில் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல், இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டு முறை கிளட்ச் மிதித்துக் கியரைக் குறையுங்கள்.